சாம்பல் மேட்டில் ஒரு காற்றாடி

"எல்லாம் சரிம்மா. ஆடியில நம்ம மில்லு ஓடுதா?" என்று கேட்டார் முதலாளி.

என் கையில் பதினாறு பக்கத் திட்டம் இருந்தது. அரிசி மில் வளாகத்திலேயே ஒரு காற்றாலையை நிறுவி, அதன் மின்சாரத்தில் மில்லை ஓட்டலாம் என்று நானே எழுதி, படம் வரைந்து, நீடாமங்கலம் கடைத்தெருவில் டைப் அடித்து, அட்டை போட்டுக் கொண்டுவந்த திட்டம். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கம்பம் நட்டு அளந்த காற்று முழுக்க அதில் இருந்தது. மில் எந்த மாதத்தில் ஓடும் என்பது மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் காற்று என்றாலே ஆடிதான். வெளியூர்க்காரர் யாராவது அளந்திருந்தால் ஒன்றும் தெரியாமல் பன்னிரண்டு மாதமும் அளந்திருப்பார். நான் இந்த மண்ணில் பிறந்தவள், எல்லாம் தெரிந்தவள், அதனால் ஆடியை ஒட்டி அளந்தேன். ஆடியில் சம்பா நெல் அரைத்துத் தீர்ந்திருக்கும். குறுவை வயலில் பச்சையாக நிற்கும். மில்லில் பெல்ட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மில் மூச்சுவாங்க ஓடுவது தை தொடங்கிப் பங்குனி வரைக்கும். அப்போது காற்று அடிக்குமா என்று முதலாளி கேட்டார். தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை இருமுகிற மாதிரி சிரித்தார்.

நான் அங்கே எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, நாலாபுறமும் வயல் சூழ்ந்த புழுங்கலரிசி மில். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததை எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. முதலாளியின் அப்பா வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த பண்ணையார். என் அப்பா அந்தப் பண்ணையில் கூலிக்கு அறுத்தவர். அரை மரக்கால் நெல் கூலி அதிகம் கேட்டுச் செங்கொடி பிடித்தவர், களத்துமேட்டில் அடி வாங்கியவர், ஜெயிலையும் ஒருமுறை எட்டிப்பார்த்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நிலத்தில் கொஞ்சம் பினாமிப் பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது, கொஞ்சம் விற்றுப்போனது, பண்ணையார் மகன் மில் முதலாளி ஆனார். அப்பா கொல்லைப்பக்கம் நின்று கூலி வாங்கிய குடும்பத்தின் ஆபீசுக்குள் நான் செருப்புக் காலோடு போய் ஃபேன் ரிப்பேர் பார்த்தேன். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது மின்வெட்டுக் காலம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டி.வி. கொடுத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் கரண்ட் இல்லை. ஆட்சி மாறியது, மேடையில் பேசியவர்கள் மாறினார்கள், கரண்ட் போகும் நேரம்கூட மாறியது. போவது மாறவில்லை. புழுங்கலரிசி மில்லில் கரண்ட் போனால் விளக்கு அணைவதோடு முடியாது. தொட்டியில் ஊறுகிற நெல்லை உரிய நேரத்தில் அவித்தாக வேண்டும், அவித்ததை உலர்த்தியில் ஏற்றியாக வேண்டும். தாமதமானால் நெல் புளித்து நாறிவிடும். அந்த நாற்றம் அரிசியை விட்டும் போகாது, நம் புடவையை விட்டும் போகாது. எங்கள் ஜெனரேட்டரோ டீசலைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் ரெண்டு தை அறுவடை பார்ப்பேன். அதுக்குள்ள வழி பொறக்கலன்னா மிஷின வித்துட்டுக் கல்யாண மண்டபம் கட்டிடுவேன்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சும்மா மிரட்டுகிறவர் இல்லை அவர். மில்லின் நெற்களத்தில் நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். பாதிப் பேர் எங்கள் தெரு. கல்யாண மண்டபத்தில் அவர்களுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது? எச்சில் இலை எடுக்கிற வேலை. அதை நான் நடக்க விடுவதாக இல்லை.

கன்னியாகுமரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழியெல்லாம் காற்றாலைகளைப் பார்த்தேன். பெரியவற்றை நிறுத்துவதற்காகப் பழைய சின்னக் காற்றாலைகளைக் கழற்றி விற்கிறார்கள் என்று அங்கே ஒரு டீக்கடையில் கேள்விப்பட்டேன். ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் தூங்கவில்லை. பாலிடெக்னிக்கில் எனக்குப் பாடம் எடுத்த சாரிடம் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைக் கெஞ்சி இரவல் வாங்கினேன். கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். கீழே ஒரு பெட்டியில் எண் ஓடும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கம்பத்தை எங்கே நடுவது? ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. மில்லுக்கு மேற்கே மறைப்பே இல்லாத மூன்று மா வயல், ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருந்தது. நிலம் முதலாளி பெயரில். சாகுபடி செய்தவர் எங்கள் தெரு அக்கா ஒருவர். வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவர் அக்காதான். அவருடைய மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத நிலம். புருஷன் போன பிறகும் தனி ஆளாக அக்கா அதை விடவில்லை. ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. அளந்த நெல்லுக்கு ரசீது கிடையாது. குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி அக்கா தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கெல்லாம் போய், தாசில்தார் கண்ணில் படும்படி ஒரு தூண் ஓரமாக நின்றுவிட்டு வருவார்.

கம்பத்துக்கு நாலு பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பிகள் அந்த வயலுக்குள் இறங்கும். "அந்த அம்மாகிட்ட ஒரு ஆட்சேபணை இல்லைன்னு வாங்கிட்டு வந்துடு. நாளைக்கி ஒரு பேச்சு வரக் கூடாது பாரு" என்றார் முதலாளி. கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்தார். ஒரே பக்கம்.

படித்தேன். நன்றாகவே படித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கம்பம் நாற்பது அடி, சரி. இழுகம்பி நான்கு, சரி. மூன்று மாதம், சரி. கடைசியில் "எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை", அதுவும் சரி. நடுவே கிடந்த இரண்டு வரியை வழக்கமான பத்திரத் தமிழ் என்று கண் தாண்டிப்போய்விட்டது. எண்களைச் சரிபார்த்தால் காகிதத்தையே சரிபார்த்துவிட்டதாக நினைப்பது எங்கள் படிப்பின் கோளாறு.

அக்கா நாற்றங்காலில் குனிந்து நின்றார். வரப்பில் நின்று, காற்று அளக்கப்போகிறேன், மூன்று மாதத்துக்கு இங்கே ஒரு கம்பம் நிற்கும் என்றேன். அவர் வாய்க்காலில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க வைக்கணும்?" என்று மட்டும் கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன். பெருவிரலை வைத்து அழுத்தினார்.

அப்படி அளந்த காற்றைத்தான் முதலாளி ஒரே கேள்வியில் ஊதித் தள்ளிவிட்டார். அன்று சாயங்காலம் ஆத்திரத்தில் திட்டத்தைக் கிழிக்கப் போனேன். டைப் அடித்த கூலி ஞாபகம் வந்து கிழிக்காமல் விட்டேன். மறுநாள் முதலாளியிடம் போய், "ஒரு வருஷம் குடுங்க சார். பன்னெண்டு மாசமும் அளந்து காட்டுறேன்" என்றேன்.

"அளந்துக்க. ஆனா மில்லு வேலை கெடக் கூடாது" என்றார்.

கம்பத்தைப் பிடுங்கினேன். இந்தத் தடவை மில்லுக்குக் கிழக்குக் கோடியில் நட்டேன். பாய்லரில் எரிந்த உமிச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடு எழுந்திருந்தது. மில்லின் சொந்த இடம், யாரிடமும் எதுவும் எழுதி வாங்க வேண்டியதில்லை. கிழக்கே அறுவடைக் காலத்தில் கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி. காலையில் எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கே வந்து எண்ணைக் குறித்தேன். உச்சிப்பொழுதில் சாப்பாட்டு நேரத்திலும், நாலு மணிக்கு டீ நேரத்திலும், வேலை முடிந்த பிறகு ஏழு மணிக்கும் குறித்தேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு குறித்தேன். ஐப்பசிப் புயல் மழையில் சாம்பல் கரைந்து முழங்கால்வரை கறுப்புச் சேறு. களத்துப் பெண்கள் "சாம்பல் சாமி வருது" என்று கேலி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக மேட்டுக்குப் போவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆறு நோட்டுகள் நிரம்பின.

தை, மாசியில் பகல் முழுக்கக் கிண்ணங்கள் சோம்பிக் கிடந்தன. ஆனால் நாலு மணி எண்ணுக்கும் ஏழு மணி எண்ணுக்கும் நடுவே மட்டும் கணக்கு எகிறியிருந்தது. ஒருநாள் இல்லை, இருநாள் இல்லை, முக்கால்வாசி நாட்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்று வயல் தாண்டி எங்களிடம் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. நிமிர்ந்து பார்த்தால், களத்தில் பெண்கள் முறத்தைத் தூக்கிப் பதர் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்றைக்கும் நாலு மணிக்கு முன்னால் தூற்றுவதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. பரீட்சையில் கேள்வியாக வராததால் என் மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. நெல்லை ஊறப்போடும் நேரத்தை மாற்றினால், நெல்லைத் தூக்கும் எலிவேட்டரும் உலர்த்தியும் சேர்ந்து ஓடுகிற பாரமான வேலையை நாலு மணிக்கு மேல் தள்ளிவிடலாம். ஜெனரேட்டர் பாதி மூச்சில் ஓடினால் போதும், மீதியைக் காற்று இழுக்கும். மில் தூங்குகிற ஆடியில் வருகிற மின்சாரத்தை மின்வாரியத்துக்கே கொடுத்துவிடலாம். புதிய திட்டம் இருபத்திரண்டு பக்கம் வந்தது. பேங்க் மேனேஜர் முதலாளியிடம், ஒரு வருஷக் காற்றுப் பதிவின் மூல நோட்டுகளைக் கொண்டுவந்தால் கடனுக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லியிருந்தார்.

இந்தமுறை முதலாளி கடைசிப் பக்கம்வரை படித்தார். "பண்ணிடலாம்மா" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்த வாக்கியத்தில், "மேற்கு வயல்ல போட்டுடு" என்றார்.

"கிழக்க சாம்பல் மேட்டுலதான் சார் போடணும். நமக்கு வேண்டியது கடல் காத்து. மேற்குல போட்டா அந்தக் காத்த மில்லுக் கட்டடமே மறைச்சுடும்."

"மேற்குலதான் தோது. பாதை போடலாம், சுத்திச் சுவர் எழுப்பலாம்."

"காத்து வராது சார்."

"வர்ற காத்து வரட்டும்."

டீசலுக்கு அழுகிற மனிதர், காற்று வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. "அங்க அக்கா சாகுபடி இருக்கே" என்றேன்.

"ஏது சாகுபடி? தனக்கு ஒரு பாத்தியதையும் இல்லைன்னு அந்த அம்மாவே எழுதிக் குடுத்திருக்கு. நீதானம்மா வாங்கிட்டு வந்தே?"

கணக்குப்பிள்ளை ஃபைலைத் திறந்து காட்டினார். நான் தாண்டிப்போன இரண்டு வரிகள்: "மேற்படி நிலம் நிலச்சொந்தக்காரரின் முழு சுவாதீனத்தில் இருந்து வருவதாலும், எனக்கு அதில் குத்தகை உள்ளிட்ட எவ்விதப் பாத்தியதையும் இல்லாததாலும்." அதன் கீழே அக்காவின் பெருவிரல். அதன் பக்கத்தில், சாட்சி என்ற இடத்தில், என் கையெழுத்து. அழகாக, தெளிவாக, டிப்ளமா வாங்கிய கையெழுத்து.

உடம்பெல்லாம் எரிந்தது. முதலில் அவர்கள்மேல், பிறகு என்மேல். பிறகு என்மேல் மட்டும். நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த அரை மரக்காலுக்கு அடி வாங்கியவரிடம், மூன்று மா நிலத்தை நான் ஒரே காகிதத்தில் பண்ணைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனேன். நோட்டுகளை எடுத்துப் போகவில்லை.

"எங்கம்மா நோட்டு? பேங்க்ல பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார் முதலாளி.

"நோட்டு வீட்டுல இருக்கு சார். நான் தர்ற மாதிரி இல்ல."

"என்னது?"

"அக்கா காயிதத்த எங்கிட்ட குடுங்க. காத்தாடி சாம்பல் மேட்டுல நிக்கும்னு எழுதிக் குடுங்க. அடுத்த நிமிஷம் ஆறு நோட்டும் உங்க மேசையில இருக்கும்."

"என் மில்லுல சம்பளம் வாங்கிட்டு எழுதின நோட்டும்மா அது!"

"சம்பளம் எட்டுலேருந்து அஞ்சு வரைக்கும். இது ஆறு மணிக்கும், ஏழு மணிக்கும், சாப்பாட்டு நேரத்துலயும் எழுதினது. டீ நேரத்தையும் சேர்த்துக்கங்க."

கணக்குப்பிள்ளை, "அவங்க அப்பன் மாதிரியே பேசுது பாருங்க" என்றார். வசவாகத்தான் சொன்னார். நான் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வேலைய விட்டு நிறுத்திடுவேன்" என்றார் முதலாளி.

"நிறுத்துங்க. கல்யாண மண்டபம் கட்டினா எப்படியும் நிக்கத்தான போறேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை, வாரியத்தின் புண்ணியம். ஃபேன் நின்றது. மில்லுக்குள் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஜெனரேட்டரைப் போட நான் ஓட வேண்டும், ஓடவில்லை. வேறு ஒருவர் போய் இழுத்துப் பார்த்தார், அது இருமிவிட்டு அடங்கியது. ஜன்னல் வழியாகத் தொட்டியின் புளித்த வாடை மெல்ல உள்ளே வந்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நிலத்த வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? குத்தகைன்னு ஒரு பதிவு வந்துட்டா நாளைக்கி விக்க முடியாது, அதான்" என்றார் கடைசியில், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஃபைலிலிருந்து காகிதம் வந்தது. சாம்பல் மேடு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார். முதலில் ஜெனரேட்டரை ஓடவிட்டேன். பிறகு வீட்டுக்கு ஓடி நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

காகிதத்தோடு நேராக மேற்கு வயலுக்குப் போனேன். அக்கா வரப்பை வெட்டிச் சீர்செய்துகொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. நான் சரியாப் படிக்கல."

"அவங்க பத்துத் தடவ இதே மாதிரி காயிதத்தோட வந்திருக்காங்க புள்ள" என்றார் அக்கா. "எங்க மாமனாரும் வைக்கல, எம் புருஷனும் வைக்கல, நானும் வைக்கல. அன்னைக்கி வச்சேன்னா, நீ கேட்ட. அதான் வச்சேன்."

காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி வரப்பை வெட்டத் தொடங்கினார். திட்டியிருக்கலாம். நான் அங்கேயே நின்று அழுதேன்.

சாம்பலை வாரி அப்புறப்படுத்தி, களிமண்ணையும் தாண்டித் தோண்டி, கான்கிரீட் போட்டு, அடுத்த தை அறுவடைக்குக் காற்றாலையை நிறுத்தினோம். பழைய காற்றாலைதான், இறக்கையில் ஒட்டுப்போட்ட தழும்புகூட இருந்தது. முதல் நாள் நாலே கால் மணிக்குக் கடற்காற்று வந்து அது சுற்றியபோது களத்துப் பெண்கள் முறத்தோடு வந்து நின்று பார்த்தார்கள். காற்று வராத நாட்களில் என்னை ஜாடையாகத் திட்டினார்கள். மில் ஓடியது. கல்யாண மண்டபப் பேச்சு ஓய்ந்தது. அந்த வருஷ ஜமாபந்தியில் விவசாயச் சங்கத்தார் அக்காவோடு போய் நின்றார்கள், முதலாளி ஆட்சேபிக்கவில்லை, அக்காவின் பெயரும் குத்தகைப் பதிவில் ஏறியது.

அதன் பிறகு ஒரு வேலை மீதியிருந்தது. ஆடி மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுக்க, மேற்குச் சாலையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்வரை கம்பி இழுக்க வேண்டும். வழியில் அக்கா வரப்பில் ஒரு கம்பம். இந்தத் தடவை சம்மதக் கடிதத்தை நானே எழுதினேன். நாலே வரி. சம்மதம் தந்தாலும் குத்தகை உரிமை அப்படியே இருக்கும் என்பதை முதல் வரியாக வைத்தேன்.

"படி" என்றார் அக்கா.

படித்தேன்.

"இன்னொரு தடவ படி. மெதுவா."

ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அக்கா கையைக் கழுவப் போகவில்லை. சேற்றுக் கையாலேயே காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும். சங்கத்துல காட்டிட்டு நாளைக்கிச் சொல்றேன். நீ போயிட்டு வா" என்றார்.

சுருக்கென்றுதான் இருந்தது. மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "சரிக்கா, நாளைக்கி வர்றேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தேன்.